வீட்டில் அப்பிள் ஃபிரிட்டர்: டோனற் கடைப் பக்குவத்தில்

டோனற் மாவில் அப்பிளைக் கொத்திச் சேர்த்துப் பொரிக்கும் பண்டம்தான் அப்பிள் ஃபிரிட்டர். நல்ல ஃபிரிட்டர் எது என்று அதன் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வட்டமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் உள்ளே அப்பிள் குறைவு, மா அதிகம். மேடும் பள்ளமுமாக, அங்கங்கே மாத்துண்டுகள் துருத்திக்கொண்டு, அந்த நுனிகள் கடும் மண்ணிறத்தில் முறுகி, பள்ளங்களில் சீனிப்பூச்சு தேங்கிக் காய்ந்திருந்தால் அதுதான் சரியானது. பிய்த்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்ற மா, இடையிடையே புளிப்பும் இனிப்புமாய் அப்பிள் வர வேண்டும்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு டோனற் கடையில் இரவு பேக்கராக இருந்தேன். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலர் இப்படியான கடைகளில்தான் முதல் சம்பளம் எடுத்தார்கள். இரவு பத்து மணிக்குப் போய் மாவைக் குழைத்து, பொங்கவிட்டு, வெட்டி, பொரித்து, விடிய ஐந்து மணிக்கு முன்னால் தட்டுகளை அடுக்கிவிட வேண்டும். டோனற் வளையம் வெட்டிய பிறகு மிஞ்சும் மாத்துண்டுகளை வீசமாட்டோம். அவற்றை அப்பிளோடு சேர்த்துக் கொத்தித்தான் ஃபிரிட்டர் செய்வோம். மிச்ச மாவில் செய்வதென்றாலும் விடியப்புறம் வரும் லொறிச் சாரதிகள் முதலில் கேட்பது அதைத்தான். இப்போது பெரிய கொம்பனிக் கடைகள் பலவற்றில் அந்த இரவு வேலை இல்லை. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் செய்து உறையவைத்து வருவதைக் கடையில் சூடாக்கிச் சீனி பூசுகிறார்கள். எண்ணெயிலிருந்து எடுத்து அரை மணித்தியாலத்துக்குள் ஒரு ஃபிரிட்டரைச் சாப்பிட வேண்டுமென்றால், சொந்தமாகச் சுடும் சின்னக் கடை பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டில்தான் செய்ய வேண்டும்.

கனடாவில் இந்தப் பண்டத்துக்குத் தனி இடம் உண்டு. ஹொக்கி வீரர் ரிம் ஹோர்ட்டன் 1964இல் ஹமில்டன் நகரின் ஒட்டாவா வீதியில் திறந்த கடைதான் இன்று நாடு முழுக்க இருக்கும் ரிம் ஹோர்ட்டன்ஸின் முதல் கடை. அந்தக் கடை தன் பெயர் சொல்ல வைத்திருந்த இரண்டு பண்டங்களில் ஒன்று முந்திரிகை வற்றல் போட்ட டச்சி என்ற டோனற், மற்றது அப்பிள் ஃபிரிட்டர். இங்கிலாந்திலும் தென் ஜெர்மனியிலும் அப்பிளை வளையமாக வெட்டி மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பார்கள். அது வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் டோனற் கடையில் கிடைப்பது ஈஸ்ற் போட்டுப் பொங்கவைத்த மாவில் அப்பிளைக் கொத்திச் சேர்த்தது. நான் சொல்லப் போவது இதைத்தான்.

சரி, இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, அப்பிளில் இருக்கும் தண்ணியை மாவில் சேர்க்கும் முன்னரே வெளியேற்றுவது. காய்ச்சாத அப்பிளை வெட்டி அப்படியே மாவில் போட்டால், பொரியும்போது அது தண்ணி விடும். தண்ணி விட்ட இடத்தில் மா வேகாமல் களியாக நிற்கும். வெளியே கருகிவிடும். வீட்டில் செய்த ஃபிரிட்டர் சரிவரவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “அப்பிளை வத்தக் காய்ச்சினீங்களா?” என்பதைத்தான்.

எந்த அப்பிள்?

ஒன்ராறியோவில் செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்ரோபர் முடியும்வரை நல்ல காலம். 401 நெடுஞ்சாலையில் மொன்றியல் பக்கம் போகிறவர்கள் கோல்போர்னில் தெருவோரம் நிற்கும் பெரிய சிவப்பு அப்பிளைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பகுதியிலும், ஜோர்ஜியன் குடாவை ஒட்டிய தோர்ன்பரி, மீஃபோர்ட் பக்கத்திலும், தெற்கே நோர்ஃபோக்கிலும் தோட்டங்கள் நிறைய உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பிள் பிடுங்கப் போகிற குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து, பிறகு என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பையில் பெரும்பாலும் இருப்பது மக்கின்டொஷ்.

மக்கின்டொஷ் ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை. ஜோன் மக்கின்டொஷ் என்ற விவசாயி 1811இல் மாகாணத்தின் கிழக்கே டன்டெலா என்ற இடத்தில் காடு வெட்டிய நிலத்தில் கண்டெடுத்த கன்றிலிருந்து பரவிய இனம் அது. வாசம் என்றால் அப்படி ஒரு வாசம். ஆனால் சூடு பட்டதும் கரைந்து கூழாகிவிடும். மக்கின்டொஷை மட்டும் வைத்து ஃபிரிட்டர் செய்தால் கடிக்கும்போது அப்பிள் துண்டு என்று ஒன்று இருக்காது. அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். மூன்று கெட்டியான அப்பிளுக்கு ஒரு மக்கின்டொஷ் போடுங்கள். அது கரைந்து மற்றத் துண்டுகளைச் சுற்றிப் பசையாகப் பிடித்துக்கொள்ளும், வாசத்தையும் கொடுக்கும். கலவையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது.

கெட்டியான மூன்றுக்கு நோர்தேர்ன் ஸ்பை கிடைத்தால் வேறு எதுவும் தேட வேண்டாம். புளிப்பும் இனிப்பும் சரிசமமாக இருக்கும், வெந்தாலும் உடையாது. ஆனால் அது பிந்திப் பழுக்கும் இனம். சூப்பர்மார்க்கற்றில் அரிதாகத்தான் வரும், ஒக்ரோபர் கடைசியில் பண்ணைக் கடைகளில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பச்சை நிற கிரானி ஸ்மித், வருசம் முழுக்க எங்கேயும் கிடைக்கும். ஹனிகிறிஸ்ப்பும் உருக்குலையாமல் நிற்கும், ஆனால் இனிப்புக் கூடியது, விலையும் கூடியது. அதைப் போட்டால் சீனியைக் குறைத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டுங்கள். ரெட் டிலிஷஸ் வேண்டவே வேண்டாம். காய்ச்சினால் அதில் ருசியும் இல்லை, உருவமும் இல்லை. ஊரில் இருந்து படிக்கிறவர்கள் கடையில் பச்சை அப்பிள் என்று கேட்டு வாங்கினால் போதும்.

அப்பிளை வத்தவைப்பது

நடுத்தர அளவில் நான்கு அப்பிள், கிட்டத்தட்ட 700 கிராம். தோலும் நடுவும் நீக்கி ஒரு சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டுங்கள். அதைவிடப் பெரிதானால் கொத்தும்போது மாவில் நிற்காது, சிறிதானால் காணாமற் போய்விடும். வாயகன்ற தாச்சி ஒன்றை நல்ல சூட்டில் வைத்து 25 கிராம் பட்டரை உருக்கி, அப்பிளையும் 60 கிராம் சீனியையும் ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியையும் போடுங்கள். மூட வேண்டாம்.

முதல் மூன்று நான்கு நிமிடம் அப்பிள் தண்ணி விட்டுக்கொண்டே இருக்கும். சீனி அதை இழுத்து எடுக்கிறது. தாச்சியில் சாறு தேங்கி, சின்னச் சின்னக் குமிழாகப் பரபரவென்று கொதிக்கும். அந்த நேரத்தில் பார்த்தால், இவ்வளவு தண்ணியா இதற்குள் இருந்தது என்று தோன்றும். நெருப்பைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அப்பிள் அந்தச் சாற்றிலேயே அவிந்து குழைந்துவிடும். கொஞ்சம் போகக் குமிழ்கள் பெரிதாகும், மெதுவாக வெடிக்கும், சத்தமும் மாறும். இப்போது மரக்கரண்டியால் தாச்சியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கமும் சாறு ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு அப்படியே நின்றால் சரி, இறக்கிவிடலாம். மொத்தம் எட்டிலிருந்து பத்து நிமிடம் எடுக்கும். கடைசியில் பாரம் பாதியாகி 340 கிராம் அளவில் நிற்கும்.

இறக்கிய பிறகுதான் இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூளும் கொஞ்சம் துருவிய சாதிக்காயும் சேர்க்க வேண்டும். அப்புறம் ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. சூடான அப்பிள் மாவிலிருக்கும் பட்டரை உருக்கிக் கையெல்லாம் ஒட்டவைத்துவிடும். முதல் நாள் இரவே காய்ச்சி பிரிட்ஜில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கறுவாவைப் பற்றி ஒரு வார்த்தை. கனடிய சூப்பர்மார்க்கற்றில் தூளாக விற்பது பெரும்பாலும் காசியா வகை. காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். டோனற் கடை ஃபிரிட்டரின் அந்தப் பழகிய மணம் அதிலிருந்துதான் வருகிறது. தமிழ்க் கடைகளில் கிடைக்கும் இலங்கைக் கறுவா மென்மையானது. நான் இரண்டையும் பாதிப் பாதி போடுகிறேன். காசியா முதலில் மூக்குக்கு வரும், எங்கள் கறுவா கடைசியில் நாக்கில் நிற்கும். எதுவானாலும் அப்பிளோடு போடுங்கள், மாவைக் குழைக்கும்போது போடாதீர்கள். கறுவாவில் இருக்கும் எண்ணெய் ஈஸ்றை அடக்கிவிடும், மா சரியாகப் பொங்காது.

மா

400 கிராம் ஓல் பர்ப்பஸ் மா, 200 மில்லிலீற்றர் பால், 50 கிராம் சீனி, 7 கிராம் இன்ஸ்ரன்ற் ஈஸ்ற், ஒரு முழு முட்டை, மேலதிகமாக ஒரு மஞ்சட்கரு, 55 கிராம் மென்மையான பட்டர், 6 கிராம் உப்பு. பன்னிரண்டு ஃபிரிட்டர் வரும்.

கனடாவின் ஓல் பர்ப்பஸ் மா கடினக் கோதுமையில் அரைப்பது. பைக்கற்றின் பின்னால் பாருங்கள், 30 கிராமுக்கு 4 கிராம் புரதம் என்று பலவற்றில் போட்டிருக்கும். அதனால் தனியாகப் பாண் மா வாங்கத் தேவையில்லை. ஊர் மைதா மென்மையானது, அவ்வளவு தண்ணி இழுக்காது. மைதாவில் செய்வதென்றால் பாலில் 30 மில்லிலீற்றரை மறித்து வைத்துக்கொண்டு, மா கேட்டால் மட்டும் ஊற்றுங்கள். முட்டை சேர்க்காத வீடு என்றால் முட்டைக்குப் பதிலாக 50 மில்லிலீற்றர் பாலும் 15 கிராம் பட்டரும் கூட்டிக்கொள்ளலாம். நிறம் கொஞ்சம் குறையும், ருசியில் குறை சொல்ல முடியாது.

பாலை இளஞ்சூடாக்குங்கள். 40 பாகை செல்சியஸ் போதும், விரலை வைத்தால் சுடக் கூடாது. பட்டரைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்துக் குழையுங்கள். கையாலானால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், மெஷினானால் ஆறேழு நிமிடம். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போனால் ஃபிரிட்டர் இறுகிவிடும், கையை லேசாக நனைத்துக்கொண்டு தொடருங்கள். மா ஒன்றுசேர்ந்து இழுபடத் தொடங்கியதும் பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டுக் குழையுங்கள். ஒரு சின்ன உருண்டையை எடுத்து விரல்களால் விரித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வர வேண்டும்.

மூடி வைத்து இரட்டிப்பாகும்வரை பொங்கவிடுங்கள். ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் எடுக்கலாம். கனடாக் குளிரில் குசினி மேசையில் வைத்தால் பொங்காது. அவணைப் போடாமல் அதற்குள் இருக்கும் லைற்றை மட்டும் போட்டு, மாப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். அந்தச் சூடு ஈஸ்றுக்கு அளவானது. அவசரம் இல்லாதவர்கள் மாவை இரவு முழுக்க பிரிட்ஜில் வைக்கலாம். குளிர்ந்த மாவைக் கொத்துவது சுலபம், வாசமும் கூடும். வீட்டில் நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். வெள்ளி இரவு அப்பிளும் மாவும் பிரிட்ஜில், சனி காலை தாச்சியில்.

கொத்துவது

ஃபிரிட்டருக்கு உருவம் கொடுப்பது இந்த ஐந்து நிமிட வேலைதான். கடையில் புதிதாக வந்த எனக்கு இதைக் காட்டித் தந்தவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த வயதான பேக்கர். அவர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், கையைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

மேசையில் நன்றாக மாத்தூவி, பொங்கிய மாவைக் கொட்டிக் கையால் தட்டி ஒரு பெரிய செவ்வகமாக்குங்கள். தடிப்பு ஒரு சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். ஆறிய அப்பிளை ஒரு பாதியில் பரப்பி, அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி மாவைத் தூவி, மற்றப் பாதியை மடித்து மூடுங்கள். இப்போது ஒரு ஸ்கிரேப்பரை எடுங்கள். மாவைச் சுரண்டி எடுக்கும் அந்தத் தட்டையான இரும்புத் தகடு இல்லையென்றால் பெரிய கத்தியும் சரி. இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் மேலிருந்து கீழாகக் கொத்திக்கொண்டே போங்கள். பிறகு குறுக்கே அதேபோல் கொத்துங்கள். அறுக்கக் கூடாது, நேராகக் கீழே அழுத்திக் கொத்த வேண்டும். இன்னும் ஒரு மேசைக்கரண்டி மாத்தூவி, எல்லாவற்றையும் அடியிலிருந்து அள்ளிப் புரட்டி, திரும்ப ஒருமுறை கொத்துங்கள்.

இந்தக் கட்டத்தில் மேசையைப் பார்த்தால் எல்லாம் பாழாகிவிட்டது போலத்தான் இருக்கும். மாத்துண்டுகள் தனித்தனியாகக் கிடக்கும், அப்பிள் பிதுங்கி வெளியே வரும், ஒன்றோடொன்று ஒட்டாது. பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். தூவிய மா அப்பிளில் மிஞ்சியிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து பசையாகி, துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்து மனம் கேட்காமல் திரும்பக் குழைக்கத் தொடங்கினால் மேடும் பள்ளமும் போய்விடும், அப்பிள் போட்ட பணிஸ்தான் கிடைக்கும்.

கிடக்கும் குவியலை இரண்டு கையாலும் அணைத்து நீளமான கட்டையாகச் சேர்த்து, பன்னிரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 90, 95 கிராம் வரும். பேக்கிங் பேப்பரை உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பேப்பரில் வைத்து, ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்புக்குத் தட்டையாக அழுத்துங்கள். நடுவை மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மெலிதாக்கிவிடுங்கள், கடைசியாக வேகும் இடம் அதுதான். அழுந்தாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை அப்படியே விடுங்கள். ஒரு துணியால் மூடி 35, 40 நிமிடம் வையுங்கள். பிரிட்ஜ் மா என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். விரலால் மெதுவாக அமத்தினால் குழி உடனே எழும்பாமல் ஆறுதலாக எழும்ப வேண்டும். அதுதான் பொரிக்கிற பதம்.

பொரிப்பது

கடையில் நாங்கள் பாவித்தது கட்டியாக உறையும் கொழுப்பு. ஆறியதும் அது திரும்ப உறைந்துவிடுவதால் கையில் எண்ணெய் பிசுபிசுக்காது, சீனிப்பூச்சும் நன்றாகப் பிடிக்கும். வீட்டில் கனோலா எண்ணெய் போதும். அதற்கென்று மணமில்லை, இந்தச் சூட்டில் புகையவும் மாட்டாது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் எனக்குப் பிடித்தவைதான், ஆனால் அப்பிளின் வாசத்தை மேவிவிடும். அடி கனத்த தாச்சியில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஊற்றுங்கள். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது.

எண்ணெய்ச் சூடு 175 பாகை செல்சியஸ், இங்கே அடுப்பில் எழுதியிருக்கும் கணக்கில் 350 பாகை ஃபரன்ஹைட். இதற்குத் தெர்மாமீற்றர் வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. “இஞ்சாருங்கோ, வடை சுட ஆருக்குத் தெர்மாமீற்றர் வேணும்?” என்பாள். வடைக்கு அவள் சொல்வது முழுக்கச் சரி, மாவைக் கிள்ளிப் போட்டால் தெரிந்துவிடும். ஃபிரிட்டர் அப்படியல்ல. மாவிலும் சீனி, அப்பிளிலும் சீனி, வெளியே சீக்கிரம் நிறம் பிடித்துவிடும். துண்டோ தடிப்பு, உள்ளே வேக நேரம் எடுக்கும். 190இல் போட்டால் ஒரு நிமிடத்தில் கறுத்து நடுவில் பச்சை மா நிற்கும். 160இல் போட்டால் எண்ணெய் குடித்துவிடும். இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது.

எண்ணெய் 180ஐத் தொட்டதும் இரண்டு, கூடினால் மூன்று ஃபிரிட்டரைப் போடுங்கள். கையால் தூக்கினால் பொங்கியது அமிழ்ந்துவிடும். பேப்பரோடு சேர்த்து எடுத்து, பேப்பர் மேலே வரும்படி எண்ணெயில் மெதுவாகக் கவிழ்த்துவிடுங்கள். கால் நிமிடத்தில் பேப்பர் கழன்றுகொள்ளும், இடுக்கியால் எடுத்துவிடலாம். போட்டதும் சூடு 170க்கு இறங்கும். அங்கேயே நிற்கும்படி நெருப்பைச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் இரண்டரை நிமிடம், திருப்பி இன்னும் இரண்டரை நிமிடம். பொன்னிறம் வந்ததும் எடுக்க மனம் சொல்லும், எடுக்காதீர்கள். ஃபிரிட்டருக்குப் பொன்னிறம் போதாது, கறுவாப் பட்டையின் நிறம் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் அதே தெர்மாமீற்றரை நடுவில் குத்திப் பாருங்கள். 90 பாகைக்கு மேல் காட்டினால் உள்ளே வெந்துவிட்டது.

கழன்று விழும் அப்பிள் துண்டுகளை ஒவ்வொரு ஈட்டுக்கும் இடையில் கண்ணகப்பையால் அள்ளிவிடுங்கள். விட்டால் அவை கருகி எண்ணெயைக் கைக்கச் செய்யும், கடைசி ஈட்டில் அந்தக் கைப்பு தெரியும். அடுத்த ஈட்டைப் போட முன்னர் எண்ணெய் திரும்ப 180க்கு வரும்வரை பொறுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் விசிறியைப் போட்டு ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். தாச்சிக்கு அளவான மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெயில் நெருப்புப் பிடித்தால் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். தண்ணியை ஊற்றவே கூடாது, தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த வேலையில் கொடுக்கக்கூடியது அப்பிள் பரப்புவதும் சீனி பூசுவதும் மட்டும்தான்.

சீனிப்பூச்சு

300 கிராம் ஐசிங் சீனியை அரித்து, 70 மில்லிலீற்றர் பாலும் ஒரு தேக்கரண்டி வனிலாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். கரண்டியிலிருந்து நாடாவாக வழிந்து, விழுந்த இடத்தில் ஒரு கணம் நின்று மறைய வேண்டும். பொரிக்கத் தொடங்க முன்னரே இதைக் கரைத்து வைத்துவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது.

எண்ணெயிலிருந்து எடுத்த ஃபிரிட்டரைக் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வடியவிட்டு, சூடாக இருக்கும்போதே மேல் பக்கத்தைப் பூச்சில் தோய்த்துத் திரும்பக் கம்பித் தட்டில் வையுங்கள். சூட்டில் பூச்சு இளகிப் பள்ளங்களுக்குள் ஓடி, ஆறும்போது மெல்லிய தகடாக இறுகும். ஆறிய ஃபிரிட்டரில் பூசினால் வெள்ளையாகத் தடித்து மேலே நின்றுவிடும், கடித்தால் உதிரும். இரண்டு பக்கமும் தோய்ப்பது கடை வழக்கம். எனக்கு ஒரு பக்கம் போதும், மறுபக்கத்தின் முறுகல் அப்படியே இருக்கும்.

இலையுதிர் காலத்தில் இன்னொன்றும் செய்யலாம். பண்ணைகளில் சைடர் என்று விற்கும் வடிகட்டாத அப்பிள் சாற்றில் அரை லீற்றர் வாங்கி, அகன்ற தாச்சியில் 70 மில்லிலீற்றராகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். கடும் மண்ணிறத்தில் புளிப்பான பாகு கிடைக்கும். பாலுக்குப் பதில் அதில் ஐசிங் சீனியைக் கரைத்து, இறுகலாக இருந்தால் ஒரு கரண்டி தண்ணி விடுங்கள். சும்மா சீனிப்பூச்சு இனிப்பை மட்டும்தான் தரும், இதில் அப்பிளின் புளிப்பும் சேர்ந்து வரும். வீட்டில் செய்வதால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இந்தப் பூச்சைத்தான்.

நேரமில்லாதவர்களுக்கு

ஈஸ்றுக்குக் காத்திருக்க முடியாத நாளில் அந்த வளைய வகையைச் செய்யுங்கள். 150 கிராம் மா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு முட்டை, 150 மில்லிலீற்றர் பால், கொஞ்சம் உப்பு. தடித்த கரைசலாகக் கரைத்து, நடு நீக்கி அரை சென்ரிமீற்றர் தடிப்புக்கு வெட்டிய அப்பிள் வளையங்களை ஈரம் ஒற்றித் தோய்த்து, அதே 175 பாகையில் பொரித்துக் கறுவாச் சீனியில் புரட்டுங்கள். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இங்கே அப்பிள் மெல்லியதாக இருப்பதால் வத்தக் காய்ச்சத் தேவையில்லை. கிரானி ஸ்மித் இதற்கு நல்லது.

எயார் ஃபிரையரில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கொத்திய ஃபிரிட்டரைப் பச்சையாக அதில் வைத்தால் வெந்துவிடும், ஆனால் முறுகாது. துருத்திய நுனிகள் எண்ணெயில் அமிழ்ந்து பொரிந்தால்தான் அந்த ஓரம் வரும். மிஞ்சியதைச் சூடாக்குவதற்கு எயார் ஃபிரையர் மிக நல்லது: 150 பாகை செல்சியஸில் மூன்று நான்கு நிமிடம். மைக்றோவேவில் வைத்தால் பூச்சு உருகி ஓடி, மா சவசவத்துப் போகும்.

அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சாப்பிடுங்கள். பன்னிரண்டும் போகாது என்று தெரிந்தால், மிச்சத்துக்குச் சீனி பூசாமல் நன்றாக ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் பேப்பர் வைத்துப் பையில் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது உறைந்தபடியே 160 பாகை செல்சியஸ் அவணில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து, சூடு ஆற முன்னர் பூச்சைப் புதிதாகக் கரைத்துத் தோய்த்துக்கொள்ளலாம். பாவித்த எண்ணெயைத் துணியில் வடித்து மூடி வைத்தால் இன்னொரு தடவை பலகாரம் சுட உதவும், ஆனால் கறுவா வாசம் ஏறியிருப்பதால் இனிப்புப் பலகாரத்துக்கு மட்டும் எடுங்கள்.